மூன்றாவது துளை

என் அம்மா புஷ்பமேரி வாழ்நாளில் எதையும் விற்றதில்லை. புதுச்சேரியில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் முப்பது ஆண்டுக்கு மேல் வணிகவியல் நடத்தினார். லாபம், நட்டம், இருப்பு, தேய்மானம் எல்லாம் கரும்பலகையில் மட்டும். பழைய பேப்பர் எடுப்பவர் வந்தால்கூட என்னைத்தான் கூப்பிடுவார். தராசைப் பார்த்துப் பேரம் பேச அவருக்குக் கூச்சம்.

ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருக்கும்போது அந்தத் திட்டம் பள்ளிக்கு வந்தது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து ஒரு சிறு தொழிலைத் தொடங்க வேண்டும். வெளியிலிருந்து தொழில் செய்கிற ஒருவர் வழிகாட்டியாக வர வேண்டும். பள்ளியில் அவரை மென்டர் என்றார்கள். மற்ற ஆசிரியர்கள் தேர்வு வேலையைச் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள். அம்மா ஏற்றுக்கொண்டார்.

“இத்தன வருஷமா கரையில நின்னு நீச்சல் சொல்லிக் குடுத்துட்டேன் மெரின். இப்பதான் தண்ணியக் காட்டறாங்க” என்றார்.

மென்டர் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மரிய அருண். எனக்கு அண்ணன் முறை. அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவில் அவரைச் சொல்தா என்பார்கள். அருண் அண்ணனின் ஞானஸ்நானத்தில் அவரைக் கையில் ஏந்திய ஞானத்தாய் என் அம்மா. அப்போது அம்மா கல்லூரி மாணவி. தெருவில் அண்ணன் வயதுப் பையன்கள் ஒவ்வொருவராகப் பிரான்சுக்குப் போனார்கள். அவர் மட்டும் போகவில்லை. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் யூனிட் போட்டார். தகட்டை அச்சில் வைத்து அழுத்தி, மின்பெட்டிகளுக்கான பாகங்கள் செய்கிற இடம். “எல்லாரும் போனாங்க, எம்புள்ள இங்கயே நின்னான்” என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நான் எந்திரப் பொறியியல் படித்ததைக்கூட அத்தனை பேரிடம் சொன்னதில்லை.

குழுவில் ஐந்து பெண்கள். அம்மா அவர்களுக்கு வைத்த முதல் பாடம், எதையும் செய்யாதே, போய்ப் பார் என்பது. ஜனங்கள் எங்கே எரிச்சல்படுகிறார்கள் என்று பார்த்து வரச் சொன்னார். கடைத்தெரு, பேருந்து நிலையம், ரேஷன் கடை. பிள்ளைகள் பார்த்தார்கள். எதுவும் பிடிபடவில்லை.

நவம்பர் இரண்டு வந்தது. எங்களுக்குக் கல்லறைத் திருநாள். கல்லறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, சாமந்தி வைத்து, மாலையில் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். ஃபாதர் ஒவ்வொரு கல்லறையாக வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அவர் வரும்போது சுடர் எரிந்துகொண்டிருக்க வேண்டும். அது பருவமழைக் காலம். வடகிழக்கிலிருந்து கடற்காற்று நிற்காமல் வீசும். ஏற்றுவது, அணைவது, மறுபடி ஏற்றுவது. தீப்பெட்டி தீர்ந்துபோய்ப் பக்கத்துக் கல்லறைக்காரரிடம் கேட்பார்கள்.

அம்மா அந்த ஆண்டு ஐந்து பெண்களையும் உப்பளம் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டி வந்தார். என் அப்பா லூயிஸ் அங்கேதான் இருக்கிறார். குழுவில் சிவசங்கரி என்று ஒரு பெண். வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமம், விவசாயக் குடும்பம். அவர்கள் வீட்டில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. உள்ளே வந்தவள் முதலில் பயந்து அம்மாவின் முந்தானையை ஒட்டியே நடந்தாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள்.

“டீச்சர், இங்க எல்லாரும் காத்தத்தான் திட்டறாங்க” என்றாள்.

தொழில் அங்கே தொடங்கியது.

அவளுடைய வீட்டில் எண்ணெய் டின்னைப் பாதியாக வெட்டி மாட்டுக்கொட்டகை விளக்குக்கு மறைப்பு வைப்பார்கள். அதைச் சிறிதாக்கினார்கள். முதலில் முழுதாக மூடிச் செய்தார்கள். காற்று கிடைக்காமல் சுடர் கரி கக்கி அணைந்தது. நான் விடுமுறையில் வந்தபோது அடியில் துளை வேண்டும் என்று மட்டும் சொன்னேன். மீதியை அவர்களே செய்தார்கள். முன்பக்கம் திறந்த அரைவட்டத் தகடு, அடியில் மெழுகுவர்த்தி நிற்க ஒரு மடிப்பு, பின்பக்கம் கீழே நான்கு துளைகள். நன்றாக வேலை செய்தது. மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துச் சோதித்தோம். சுடர் சாய்ந்தது, அணையவில்லை.

அருண் அண்ணன் மாதம் ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு வந்தார். பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்திருந்தது. சிரிக்கப் பேசுவார், சமோசா வாங்கி வருவார். அவர் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லப் பிள்ளைகள் தயங்கியபோது அம்மா ஒரு விதி வைத்தார். மென்டரிடம் எதையும் மறைக்கக்கூடாது. என்ன தகடு, எங்கே வாங்கினோம், எந்தக் கடையில் கேட்டோம், எத்தனை பேர் வாங்குவார்கள், எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். பாவசங்கீர்த்தனம் மாதிரி என்றார். ஐவரில் மூவருக்கு அது என்னவென்று தெரியவில்லை. நாம் செய்ததைச் சாமியாரிடம் ஒளிக்காமல் சொல்வது, அவர் அதை உயிர் போனாலும் வெளியே சொல்லமாட்டார் என்று விளக்கினார்.

“அப்ப அருண் சார்தான் எங்க சாமியாரா டீச்சர்?” என்று சிவசங்கரி கேட்டாள்.

“அங்கி போட்டா நல்லாத்தான் இருப்பான்” என்றார் அம்மா. அருண் அண்ணனும் சேர்ந்து சிரித்தார்.

அம்மாவின் தவறு இதுதான். வேறு எந்த வணிகவியல் ஆசிரியரும் இதைச் செய்திருக்கமாட்டார். ஞானஸ்நானத்தில் தொடங்கிய ஓர் உறவை நம்பி, பாவசங்கீர்த்தனத்தின் விதியைத் தொழிலில் பொருத்தினார். அவருடைய உலகத்தில் இரண்டும் ஒரே கோயிலுக்குள் இருந்தவை.

மாதிரிக்கு ஒன்றை அருண் அண்ணனிடம் கொடுத்தார்கள். சிவசங்கரி முதன்முதலில் தனியாகச் செய்தது. ஆணி வழுக்கி மூன்றாவது துளை மற்றவற்றைவிடத் தாழ்ந்து, ஓரத்தை ஒட்டி விழுந்திருந்தது. அடுத்தடுத்துச் செய்தவற்றில் அதைச் சரிசெய்துவிட்டார்கள். பிரஸ்ஸில் அடித்துத் தர முடியுமா என்று கேட்டதற்கு, நவம்பருக்கு முன்னால் பிரஸ் காலியாகாது, இந்த வருஷம் கையாலேயே செய்யுங்கள், அதுதான் நல்ல அனுபவம் என்றார் அண்ணன். தட்டாஞ்சாவடியில் ஒரு தகட்டுப் பட்டறையில் சனி, ஞாயிறுகளில் இடம் கிடைத்தது. பிள்ளைகள் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வெட்டினார்கள், மடித்தார்கள்.

விற்கும் இடம் கல்லறைத் தோட்டத்து வாசல். சிவசங்கரியின் அம்மா தனக்கொடி சம்மதிக்கவில்லை. அம்மா பேருந்து ஏறி அவர்கள் ஊருக்குப் போனார். நானும் போனேன்.

“பொட்டப்புள்ள சுடுகாட்டு வாசல்ல நின்னு யாவாரம் பண்ணணுமா டீச்சர்? ஊருல என்னா பேசுவாங்க?”

“நானும் அவகூட நிக்கறேன் தனக்கொடி. நாலு பேரு எதிர்ல உம்பொண்ணு தலை குனியற மாதிரி எதுவும் நடக்காது. அதுக்கு நான் பொறுப்பு.”

தனக்கொடி எழுந்து உள்ளே போனார். பிறகு எங்களுக்கு மோர் கொண்டுவந்தார். அதுதான் சம்மதம்.

அடுத்த நவம்பர் இரண்டு. மழை விட்டிருந்தது, காற்று இருந்தது. வாசலில் மேசை போட்டு, துணி விரித்து, ஐந்து பெண்களும் சீருடையில் நின்றார்கள். அம்மா பின்னால் நாற்காலியில். தனக்கொடியும் வந்திருந்தார், கொஞ்சம் தள்ளி, சாலைக்கு அந்தப் பக்கம் நின்றார்.

முதலில் வந்த அம்மாள் எங்கள் மறைப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். தன் பையிலிருந்து இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதே அரைவட்டம். அதே மடிப்பு. ஓரம் மழமழவென்று இருந்தது. மெழுகுவர்த்தி விற்கிற கடைகளில் எல்லாம் இரண்டு நாளாகத் தொங்குகிறது என்றார். பாதி விலையாம்.

“கடையில விக்கறதப் பாத்து செஞ்சீங்களாம்மா? படிக்கிற புள்ளைங்க, இப்படி அடுத்தவங்களுத காப்பி அடிக்கலாமா?”

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. சிவசங்கரி தலையைக் குனிந்துகொண்டாள். சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தனக்கொடி பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா எழுந்து வந்து அந்தத் தகட்டை வாங்கினார். பின்பக்கம் திருப்பவில்லை. விரலால் தடவினார். முதல் துளை, இரண்டாவது, மூன்றாவது. மூன்றாவதில் விரல் நின்றது. ஓரத்தை ஒட்டித் தாழ்ந்திருந்தது.

அச்சு செய்கிறவர்கள் கொடுத்த மாதிரியை அப்படியே அளந்து வெட்டுவார்கள். தவறு எது, தேவை எது என்று அவர்களுக்குத் தெரியாது. என் வேலையும் அச்சு வடிவமைப்புதான். ஆணி வழுக்கிய ஒரு துளை தற்செயலாக இரண்டு இடத்தில் ஒரே மாதிரி விழாது. அந்தத் துளை உள்ள மாதிரி உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. அது இருந்த இடமும் எங்களுக்குத் தெரியும்.

மறுநாள் அம்மாவை ஸ்கூட்டரில் மேட்டுப்பாளையத்துக்கு அழைத்துப் போனேன். பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் அதை நிறுத்தச் சொல்லிவிட்டு நாற்காலி போட்டார், டீ சொன்னார். அம்மா அந்தத் துளையைப் பற்றிக் கேட்டபோது அவர் மறுக்கவும் இல்லை.

“யாரு அடிச்சா என்ன சித்தி, ஜனங்களுக்குப் பொருள் கெடச்சுதுல்ல. நான் செய்யலன்னா அடுத்த வருஷம் வேற ஒருத்தன் செய்வான். மார்க்கெட்டுன்னா இப்படித்தான்னு புள்ளைங்களுக்கு ஒரு பாடமா இருக்கட்டும்.”

“பாடம் நடத்தறது என் வேலை அருண். உன்ன நான் அதுக்குக் கூப்பிடல.”

அவர் சிரிக்கப் பார்த்தார். அம்மா சிரிக்கவில்லை. பணம் கேட்கவில்லை, அச்சை உடைக்கச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வரவேண்டும். தனக்கொடியையும் வரச் சொல்கிறேன். இது இந்தப் பிள்ளைகள் செய்தது, நான்தான் எடுத்துக்கொண்டேன் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

“வர்றேன் சித்தி” என்றார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஐந்து பெண்களும், கூலி வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் தனக்கொடியும் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளி விடும் மணி அடித்தது. அண்ணன் வரவில்லை; அவருடைய போன் ஒலித்து ஓய்ந்தது. நடந்ததை அம்மாவே எழுந்து நின்று சொன்னார். அவரைப் பற்றிக் குறைவாகவும் தன்னைப் பற்றி அதிகமாகவும் சொன்னதாகப் பிறகு சிவசங்கரி என்னிடம் சொன்னாள். தனக்கொடி பெண்ணின் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு போனாராம்.

வாசலில் சிவசங்கரி திரும்பி நின்று, “சாமியார் வரல டீச்சர்” என்றாளாம். கிண்டலாகச் சொல்லவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வீட்டிலிருந்து கேக் வந்தது. அம்மா அதைப் பிரிக்காமல் மேசையில் வைத்திருந்தார். எறும்பு வந்தபின் எடுத்துப் போட்டார். “எம்புள்ள” என்ற சொல்லை அதற்குப் பிறகு அவர் வாயில் நான் கேட்கவில்லை.

ஜூனில் அம்மா இறந்தார். மாரடைப்பு. பணி ஓய்வுக்கு மறுமாதம். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று சொல்ல என்னிடம் தரவு இல்லை. சொல்லவில்லை. அண்ணன் வந்து சவப்பெட்டியைத் தூக்கினார், மகன் முறை என்று முன்னால் நின்று தூக்கினார். தடுக்கிற நிலையில் நான் இல்லை.

இந்த நவம்பர் இரண்டு அம்மாவுக்கு முதல் கல்லறைத் திருநாள். அப்பாவின் குழியில்தான் வைத்திருக்கிறோம். நான் சாமந்தியோடு போனபோது கல்லறையைச் சுற்றி ஏற்கெனவே மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தகட்டு மறைப்பு. சுடர்கள் ஆடாமல் நின்றன. அண்ணன் வெள்ளைச் சட்டையில், கைகட்டி நின்றிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் சிவசங்கரி வந்தாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். வீட்டில் சொல்லாமல் வந்ததாகச் சொன்னாள். அவள் குனிந்து, ஒரு மறைப்பின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். என்ன தேடினாள் என்று எனக்குத் தெரியும்.

“சார், இந்த மூணாவது ஓட்ட நான் தப்பாப் போட்டது” என்றாள்.

அண்ணன் அவளை அடையாளம் கண்டுகொண்டார். குரலைத் தாழ்த்தி, கல்லறையைக் கையால் காட்டிச் சொன்னார்.

“அதெல்லாம் அப்பவே டீச்சர்கிட்ட பேசிட்டேம்மா. அவங்களே சரின்னுட்டாங்க.”

சிவசங்கரி என்னைப் பார்த்தாள். ஓராண்டாக அவளிடம் மிச்சம் இருந்தது, டீச்சர் பொய் சொல்லவில்லை என்பது ஒன்றுதான். அதையும் அண்ணன் எடுக்கிறார். மறுத்துப் பேச அம்மா இல்லை என்பது தெரிந்தே எடுக்கிறார்.

“அம்மா சரின்னு சொல்லல சிவசங்கரி. நான் அங்கதான் இருந்தேன். வெள்ளிக்கிழமை வர்றேன்னு இவர்தான் சொன்னாரு, அம்மா கையப் புடிச்சிகிட்டு.”

அவள் தலையாட்டினாள். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இரண்டு வரிசை தள்ளி ஃபாதர் மந்திரித்துக்கொண்டு வந்தார். நான் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு முதல் மறைப்பை எடுத்தேன். சுடர் ஒருமுறை படுத்து, அணைந்தது. இரண்டாவதை எடுத்தேன்.

“வேணாம் மெரின். எல்லாம் அணைஞ்சிடும். ஃபாதர் வர்றாரு பாரு.”

“அணையட்டும்ணே.”

எல்லாவற்றையும் எடுத்து அடுக்கி அவர் கையில் கொடுத்தேன். சூடு ஆறவில்லை. கீழே வைக்க இடம் தேடினார். சுற்றிலும் அடுத்தவர் கல்லறைகள். ஃபாதர் வந்து, புகைகிற திரிகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தீர்த்தம் தெளித்தார். சிவசங்கரி தலை குனியாமல் நின்றாள்.