பொதுச் சுவரில் இரண்டு கிடாக்கள்

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது நானும் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதைவிட, வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள். பஸ்ஸில் 'இறங்கணும்' என்று சத்தமாகச் சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் வீட்டுச் சண்டையை நாலு பேர் படிக்க எழுதலாமா என்று தெரியவில்லை. ஆனால் எங்கள் தெருவில் இதை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நடந்தபடி ஒரு தடவை சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓடுகிற தெருக்களில் ஒன்றில் எங்கள் வீடு. நான் தறி செட்டில் நூல் சுற்றுகிறேன். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் கட்டட வேலை. ஒரே வீட்டை அண்ணன் தம்பி பிரித்துக்கொண்டதில் மேற்குப் பாதி அவருடைய அண்ணனுக்கு, கிழக்குப் பாதி எங்களுக்கு. பின்கட்டில் இரண்டு பாதிக்கும் நடுவே தலை உயரத்துக்கு ஓர் ஒற்றைச் செங்கல் சுவர் நிற்கிறது. அது யாருடையது என்பதுதான் வழக்கு.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு சுவருக்கு யார் வெள்ளையடித்து வருகிறாரோ அவருடையதுதான் சுவர் என்று ஆகிவிடும். பத்திரம் எழுதும்போது 'இத்தனை நாளும் வெள்ளையடிச்சது யாரு?' என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். அதனால் தெருப் பெரியவர்கள் கூடி, பத்திரம் முடிகிறவரை அந்தச் சுவரில் இரண்டு பேரும் ஆணி அடிக்கக் கூடாது, வெள்ளையும் அடிக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்கள். சுவர் கறுத்துப்போய், பாசி பிடித்து, யாருக்கும் சொந்தமில்லாமல் நின்றது.

வீட்டுக்காரரின் அண்ணனை நான் அத்தான் என்று சொல்வேன். அவரிடம் அல்ல, அவரைப் பற்றிப் பேசும்போது. புருஷனின் அண்ணன் முன்னால் நின்று பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அவர் வந்தால் நான் உள்ளே போய்விடுவேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவர் மனைவியிடம், அதாவது அக்காவிடம் சொல்வேன். அவர் சொல்வதும் அக்கா வழியாகத்தான் வரும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை.

அத்தானுக்குக் கை முந்தும், வாய் பிந்தும். சாப்பாடு ஆறியிருந்தால் தட்டு பறக்கும். அக்காவை அவர் அடிக்கிற சத்தம் சுவரைத் தாண்டி வரும். தறிச் சத்தத்தோடு சேர்ந்து வருவதால் தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் மகள் அந்த இரண்டு சத்தத்திலும் வளர்ந்தவள்.

அவள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். கூச்சத்தில் என்னையும் மிஞ்சியவள். வகுப்பில் பேர் கூப்பிட்டால் 'உள்ளேன்' சொல்லக்கூடக் குரல் வராது என்று டீச்சர் சொல்வார். பேசாததையெல்லாம் வரைந்துவிடுவாள். பூவும் கிளியும் அல்ல. நாய்கள் ஒன்றையொன்று குதறுவதை வரைவாள். பூனை எலியின் கழுத்தைக் கவ்வியிருப்பதை வரைவாள். கறிக்கடையில் தோலுரித்துத் தொங்குகிற ஆட்டை, கண் திறந்தபடி இருக்க, அப்படியே வரைவாள். என்னால் அதை நேராகப் பார்க்க முடியாது. ஆனாலும் போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போடுவேன். குரூப்பில் இருப்பது அவள் அப்பாவும், திருப்பூரில் இருக்கும் அவள் அத்தையும், அதாவது என் வீட்டுக்காரரின் தங்கையும்தான். அத்தானைச் சேர்க்கவில்லை.

உடனே அத்தையின் குரல் வந்துவிடும். "மைனி, அந்த நாய் படத்தைப் பாத்துட்டு இங்க என் மகன் சோறு திங்க மாட்டேங்கான்! ஏட்டி மக்கா, பல்லு சூப்பர். ரத்தத்தைத்தான் கொஞ்சம் சிக்கனமா விட்டிருக்க."

அப்பா அனுப்புவார்: "தங்கம், ரூம்ல எல்லாவனுக்கும் காட்டுனேன். உம் மக வரைஞ்சதாவே இதுன்னு கேக்கான். ஆமாவேன்னேன்."

அவள் போனைக் காதோடு ஒட்டவைத்து அதையே திரும்பத் திரும்பக் கேட்பாள். கேட்டுவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை வேறு எங்கேயும் நான் பார்த்ததில்லை. படம் வரைவது நின்றுபோனால் இந்தப் பிள்ளை ஒரேயடியாக உள்ளே போய் அடைந்துவிடும் என்று எனக்குப் பயம். வேறு எது போனாலும் போகட்டும், அது மட்டும் நிற்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கரிவலம்வந்தநல்லூரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனபோது, தோட்டத்தில் இரண்டு செம்மறிக் கிடாக்கள் முட்டிக்கொண்டன. பின்னால் போய்ப் போய் ஓடி வந்து, மண்டையோடு மண்டை. ஒன்றின் மூக்கில் ரத்தம் வழிந்தும் அது விடவில்லை. சாப்பிடக் கூப்பிட்டும் அவள் வரவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டில் வரைந்து பார்த்தாள். தாள் பத்தவில்லை. நாலு தாளை ஒட்டினாள். அதுவும் பத்தவில்லை.

"நோட்டுல எதுக்கு மக்கா நெருக்குத? பின்னால அம்புட்டுச் சுவரு சும்மாதான கிடக்கு. அதுல வரை" என்றார் அவள் அப்பா போனில்.

"அது கறுத்துக் கிடக்கே" என்றேன்.

"பிரைமர் வாங்கி அடி."

"பெரியவங்க வெள்ளையடிக்கக் கூடாதுன்னாங்கல்லா?"

"ஏட்டி, பிரைமர் வெள்ளையா? அது படத்துக்கு அடியில பூசுதது. அண்ணன்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

அக்கா இருந்திருந்தால் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அந்த வாரம் அவள் இல்லை. அத்தான் அரிவாள்மணையைத் தூக்கி எறிந்ததில் முழங்கையில் வெட்டு விழுந்து, திருவேங்கடத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். மகளுக்கோ பெரியப்பா என்றால் நடுக்கம். எனவே மஸ்கட்டிலிருந்து தகவல் போயிருக்கும் என்று நம்பி, நானே பிரைமர் அடித்தேன். என் வீட்டுக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார், அண்ணன் எடுக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டார். இது எனக்குப் பிறகுதான் தெரியும். மொட்டை மாடியிலிருந்து குனிந்து பார்த்த அத்தான் கண்ணுக்கு, எங்கள் பக்கம் சுவர் முழுக்க வெள்ளையாக இருந்திருக்கிறது.

மறுநாள் பள்ளிக்கூடம் விடுமுறை, மஸ்கட்டில் அவள் அப்பாவுக்கும் வேலை இல்லாத நாள். காலையிலேயே மகள் கரித்துண்டால் கோடு போட்டு முடித்திருந்தாள். கறுப்புப் பெயிண்டைத் தொட்டுக் கொம்பு வரைந்துகொண்டிருந்தாள். போனை ஒரு வாளியில் சாய்த்து வைத்திருந்தேன். திரையில் பாதி அப்பா, பாதி அத்தை.

"கொம்பை இன்னும் சுத்து மக்கா, காதைத் தாண்டிப் போகட்டும்" என்றாள் அத்தை.

"கண்ணுல வெறி வரணும்" என்றார் அப்பா.

அப்போது சுவரில் பொத்தென்று ஓர் அடி விழுந்தது. அந்தப் பக்கத்திலிருந்து. பெயிண்ட் டப்பா அதிர்ந்தது.

"என்னட்டி சத்தம்?" என்றார் அவள் அப்பா.

"பக்கத்துல ஏதோ இடிக்காவ" என்று சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்று. அடுத்த அடியில், கிடாக்களின் மண்டைகள் மோதுகிற இடத்தில் பிளவு விட்டு, பூச்சு பொருக்காக உதிர்ந்து, கடப்பாரையின் முனை வெளியே வந்தது.

"கேக்க ஆளில்லைன்னு நெனச்சாளா?" அத்தானின் குரல். அப்போதும் அவர் என்னிடம் பேசவில்லை, என்னைப் பற்றித்தான் பேசினார். "வெள்ளையடிச்சிட்டா சுவரு அவளுக்கா? அவ புருசன் வந்து மஸ்கட்டுக்குத் தூக்கிட்டுப் போவானோ?"

கடப்பாரை போயும் வந்தும் ஓட்டையைப் பெரிதாக்கியது. ஒரு கிடாவின் நெற்றி முழுசாகப் பெயர்ந்து விழுந்தது. மகள் ஓடி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் நகரவில்லை. மற்ற கிடாவின் முகத்தின் மேல் இரண்டு கையையும் விரித்து அப்பி நின்றாள்.

"பிள்ளைய இழுட்டி!" என்று போனில் கத்தினார் என் வீட்டுக்காரர்.

அடுத்த குத்தில் ஒரு செங்கல் சில் தெறித்து அவள் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. ஒரு கண்ணை மூடிக்கொண்டாளே தவிர கையை எடுக்கவில்லை. கடப்பாரை மறுபடி பின்னால் போவது ஓட்டை வழியே தெரிந்தது.

"ஏலே! நிறுத்துலே! பிள்ளை நிக்குது!"

கத்தியது நான்தான். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது. புருஷனின் அண்ணனை, சின்னப் பயலைக் கூப்பிடுவதுபோல 'ஏலே' என்றுவிட்டேன்.

கடப்பாரை நின்றது. "என்ன சொன்னா?" என்று ஒரு கேள்வி மட்டும் வந்தது. பிறகு அவர் கடப்பாரையோடு இடிந்த சுவரை மிதித்து ஏறி இந்தப் பக்கம் குதித்தார்.

கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு என் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார். ஒரு தடவை அல்ல. பிரைமர் வாசனையும் ரத்த வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறின. கீழே தள்ளி விலாவில் மிதித்தார். மூச்சு வெளியே போய்த் திரும்பி வரவில்லை. வாளியில் சாய்ந்திருந்த போனிலிருந்து, "விடாதீங்க மைனி! கல்லைத் தூக்குங்க!" என்று அத்தை கூவிக்கொண்டிருந்தாள். கொம்பைச் சுற்றச் சொன்ன அதே குரல். "அடிட்டி அவனை! மண்டையில போடு!" என்று என் வீட்டுக்காரர். யார் சொல்லிக் கை போனதோ தெரியாது, கையில் அகப்பட்ட அரைச் செங்கல்லை மேலே வீசினேன். அது அவர் வாயில் பட்டது. பல் உடைகிற சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வெற்றிலைத் துப்பலைப்போல ரத்தம் அவர் சட்டையில் கொட்டியது.

அவர் கடப்பாரையைக் குனிந்து எடுத்தார். அதை ஓங்கியபோது மகள் பெயிண்ட் டப்பாவை அவர் முகத்தில் வீசினாள். கண் தெரியாமல் அவர் சுற்றியடித்தார். ஓர் அடி சுவரில், ஓர் அடி வாளியில். போன் திரை நொறுங்கி இரண்டு முகமும் போய்விட்டன. குரல் மட்டும் கொஞ்ச நேரம் "அடி, அடி" என்றது. பிறகு அதுவும் நின்றது.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தறி செட்டிலிருந்து ஆட்கள் ஓடி வந்து அத்தானை அமுக்கிப் பிடித்தார்கள். "ஏ அண்ணாச்சி, பொம்பளைப் பிள்ளைகிட்டயா உம்ம வீரம்?" என்று ஒருவர் கேட்டார். "அவ ஏலேன்னாவே! என்னைய ஏலேன்னா!" என்று அவர் ரத்தம் தெறிக்கத் தெறிக்கச் சொன்னார். உடைந்த பல்லைப் பற்றி அவர் பேசவே இல்லை.

பெரியாஸ்பத்திரியில் மகளுக்குப் புருவத்தில் தையல் போட்டார்கள். எனக்கு விலாவில் கட்டு. எப்படி ஆயிற்று என்று கேட்ட நர்ஸிடம் வழக்கம்போல வாய் வராமல் நின்றேன். "பெரியப்பா அடிச்சாவ" என்று மகள் சொன்னாள், வார்டில் எல்லாருக்கும் கேட்கும்படி.

சாயங்காலம் பக்கத்து வீட்டு போனில் பேசினோம். என் வீட்டுக்காரர் அழுதார். அண்ணனை வெட்டிவிடுவேன் என்றார். அத்தை என் காயத்தை விசாரித்துவிட்டு, "கிடா படத்தை முழுசா போட்டோ எடுத்தீங்களா மைனி?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அய்யோ" என்றாள், நிஜமான வருத்தத்தோடு.

பிறகு மகளிடம் கொடுக்கச் சொன்னார் அவர். "விட்டுறாத மக்கா. முன்பக்கச் சுவரு நம்ம சுவருதான். அதுல இதைவிடப் பெருசா வரை. எவன் வாரான்னு பாப்போம். அப்பா இருக்கேன்."

அவள் கட்டுப் போட்ட புருவத்துக்கு நேரே போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"நீங்க அங்கன மஸ்கட்டுலல்லா இருக்கீங்கப்பா" என்றாள். போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் அத்தான் ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்தார். கொத்தனார் ஓட்டையை அடைத்து, மிச்சமிருந்த கிடாவும் மறைய இரண்டு பக்கமும் சிமெண்டு பூசினார். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. மகள் அன்றைக்கு ஒன்றும் வரையவில்லை.