மலை பஸ்ஸில் நான் ஏறாத நாள்

பிளஸ் டூ முடிவு வந்தபோது எங்கள் அரசுப் பள்ளியில் அவள்தான் முதல். நான் ஏழு மதிப்பெண் குறைந்து இரண்டாவது. அவள் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள். கீழே அரசு விடுதியில் தங்கிப் படித்தாள். எனக்கு நைனார்பாளையம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லை நிலத்தில் கரும்பு வெட்டுகிறவர்கள். இரண்டு வருடம் நாங்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். கணக்கில் எனக்குப் புரியாததை மூன்றாவது தடவை சொல்லும்போதும் அவள் குரல் உயராது.

எங்கள் தலைமையாசிரியை அந்த வருடம் முழுவதும் எங்கள் இருவருக்காகவும் உதவித்தொகை தேடினார். செய்தித்தாளில் வரும் அறிவிப்புகளைக் கத்தரித்து ஒரு நோட்டில் ஒட்டுவார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் அறையில் நாங்கள் அதைப் படிப்போம். ஒன்று பையன்களுக்கு மட்டும் என்றிருக்கும். இன்னொன்று புத்தகச் செலவுக்கே போதாது. அரசு தரும் பணம் வந்துசேர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை எந்தக் கல்லூரியும் காத்திருக்காது. “நல்லதா ஒண்ணு வரும், இருங்க” என்பார் தலைமையாசிரியை.

வந்தது. முடிவு பார்த்துவிட்டு அவள் மலைக்குத் திரும்பிப் போன மூன்றாம் நாள், சென்னையிலிருந்த ஓர் அறக்கட்டளையின் கடிதம் பள்ளிக்கு வந்தது. பொறியியல் படிப்பு நான்கு வருடத்துக்கும் கல்லூரிக் கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பள்ளிக்கு ஒருவர். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“ஒரு பேருதான் எழுதலாம். அவ பேருதான் மொதல்ல. அவங்க ஊருக்குப் போன் கெடையாது, லெட்டர் போட்டா போய்ச் சேர நாளாவும். நீதான் கூட்டாளி. நாளைக்கே மலைக்குப் போயி கையோட கூட்டிக்கினு வா. வெள்ளிக்கெழம தபால்ல சேத்தாவணும்.”

“அவ வரலன்னா, டீச்சர்?”

கேட்டபிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. அவர் கடிதத்திலிருந்து தலையை நிமிர்த்தினார்.

“வரலன்னா உம் பேரு. வேற இன்னா பண்றது?”

மறுநாள் காலை கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் போய் இறங்கினேன். மலை பஸ் வந்து நின்றது. கீரைக்கட்டும் மண்ணெண்ணெய் கேனுமாக ஜனங்கள் ஏறினார்கள். எழுந்து நின்றேன். முந்தின மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று அவளுக்குப் பதிலாகக் கரும்பு வெட்டப் போயிருந்தேன். கரும்பின் சோகை இலை கிழித்த கோடுகள் என் முழங்கையில் இன்னும் ஆறவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஏம்மா, மலைக்குத்தான? ஏர்றியா இல்லியா?” என்றார் கண்டக்டர்.

“இல்லண்ணா. ஒரு ஆளு வரணும், காத்துக்கினு இருக்கேன்.”

பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் ஏறிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மதியம் அதுவும் வந்தது, போனது. மறுநாள் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியையிடம் சொன்னேன்.

“வூடு பூட்டியிருக்கு டீச்சர். குடும்பத்தோட வேலைக்குப் போயிட்டாங்களாம். எங்கன்னு யாருக்கும் தெரியல.”

“பக்கத்து வூட்ல நல்லா கேட்டியா?”

“கேட்டேன் டீச்சர்.”

வெள்ளிக்கிழமை மாலை வரை அவர் காத்திருந்தார். பிறகு பேனாவைத் திறந்து என் பெயரை எழுதினார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அறக்கட்டளைக்காரர்கள் சென்னைக்குக் கூப்பிட்டுப் பேசினார்கள். கிடைத்துவிட்டது. அப்பா டீக்கடையில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊரை விட்டுப் போகிற பயம் என்று அம்மா நினைத்தாள்.

மதிப்பெண் பட்டியல் கொடுத்த அன்று நான் வேண்டுமென்றே பிந்திப் போய் வாங்கிவந்தேன். வீட்டுக்கு வந்தால் வாசலில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு பலாப்பழம். அதை மலையிலிருந்து இரண்டு பஸ் மாறித் தூக்கி வந்திருக்கிறாள்.

“ஒனக்குக் கெடச்சிடுச்சாமே. டீச்சர் சொன்னாங்க” என்றாள். சிரித்தாள். அம்மா அவளுக்குச் சாப்பாடு போட்டாள். அவள் வழக்கம்போலச் சாப்பிட்டாள்.

பஸ் ஏற்றிவிடக் கூடவே நடந்தேன். பஸ் வருவது தெரிந்ததும் சொன்னாள்:

“ஊருக்கே வந்தியாமே, வூடு பூட்டிக்கெடந்துச்சாமே. எங்க போயிருந்தீங்கன்னு டீச்சர் என்னைக் கேட்டாங்க. கேரளாக்கு, தோட்ட வேலைக்குன்னு சொல்லிட்டேன்.”

அந்த மாதம் முழுக்க அவள் வீட்டில்தான் இருந்தாள் என்பது அவளுக்குத் தெரியும், அவள் சொன்ன விதத்தில் எனக்கும் புரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ஏறிவிட்டாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. என் பக்கம் திரும்பவில்லை.

கல்லூரியில் அறிவிப்புப் பலகையை ஒருநாளும் பார்க்காமல் விட்டதில்லை. எந்த உதவித்தொகை அறிவிப்பு வந்தாலும் விண்ணப்பம் வாங்கி அவளுக்கு அனுப்பினேன். மன்னிப்பு என்று ஒரு வரி எழுதிச் சேர்க்கத்தான் ஒவ்வொரு முறையும் உட்காருவேன். கடைசியில் படிவத்தை மட்டும் உறையில் போட்டு ஒட்டுவேன். பதில் வரவேயில்லை.

வேலை கிடைத்து ஒரு வருடம் கழித்துத்தான் மலை பஸ்ஸில் ஏறினேன். வெள்ளிமலையில் இறங்கி விசாரித்து, சாமை விளைந்த சரிவுகளின் ஓரமாக நடந்தேன். அவள் அம்மா மட்டும் இருந்தாள். யாரென்று சொன்னதும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

“அவங்கப்பா அந்த வருசமே புளியமரத்துலேர்ந்து வுழுந்துட்டாரு. இடுப்பு போச்சு. அவதான் மில்லு வேலைக்குப் போயி எங்களுக்குச் சோறு போட்டா. அவரும் போய்ச் சேந்துட்டாரு. இப்ப கண்ணாலம் ஆயி, மைசூரு பக்கம் காப்பித் தோட்டத்துல இருக்கா.”

நான் அனுப்பிய உறைகள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. எல்லாம் பிரித்திருந்தன. இரண்டு படிவங்களை அவள் நிரப்பியும் வைத்திருந்தாள், எனக்குத் தெரிந்த அந்தச் சாய்வில்லாத எழுத்தில். பள்ளித் தலைமையாசிரியரின் பரிந்துரை என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அந்தக் கையெழுத்துக்கு அவள் ஏன் போகவில்லை என்று நான் கேட்கவில்லை. கல்லூரியில் அவள் சேர்ந்திருந்தாலும் அப்பா விழுந்ததும் திரும்பி வந்திருப்பாளோ என்று ஒரு நினைப்பு ஓடியது. அப்படி நினைத்தால் எனக்குச் சுமை குறையும். அதனாலேயே அதை நம்ப முடியவில்லை.

அவள் அம்மா கொடுத்த எண்ணுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பஸ்ஸையும் சொன்னேன்.

“உங்க காலேஜுல லைப்ரரி பெரிசா?” என்று கேட்டாள்.

“மூணு மாடி” என்றேன்.

“கணக்கு புக்கெல்லாம் தனியா இருக்குமா? நாமளே எடுத்துப் பாக்கலாமா, கேட்டுத்தான் வாங்கணுமா?”

நாமே எடுக்கலாம் என்றேன். வகுப்பில் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், சோதனைச்சாலை எப்படி இருக்கும், விடுதி ஜன்னலில் என்ன தெரியும் என்று கேட்டுக்கொண்டே போனாள். நான் சொல்லச் சொல்ல “ம்” என்று கேட்டாள். கால் மணி நேரம் இருக்கும்.

“சரி, வெச்சிர்றேன். செடிக்கு மருந்தடிக்கக் கூப்புட்றாங்க” என்றாள்.

அதன்பிறகு நான் செய்த அழைப்புகளை அவள் எடுக்கவில்லை.