தெற்கத்திக் கார்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ரெய்னோவைக் கூட்டிக்கொண்டு போவார்கள். மிச்சிகனின் வடக்குக் கோடியில், பெரிய ஏரியை ஒட்டிய அந்த ஊர்களில் அது வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. தன் வண்டியின் பின்பக்கத்திலிருந்து ஒரு பழைய கம்பளத் துண்டை எடுத்துத் தரையில் விரிப்பார். கோட்டுகூடக் கழற்றாமல் அதில் மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் புகுந்துவிடுவார். அப்புறம் சின்னச் சுத்தியலின் சத்தம் மட்டும் கேட்கும். முன்னாலிருந்து பின்னால்வரை ஓரிடம் விடமாட்டார். 'டிங்' என்றால் இரும்பு. 'டப்' என்றால் துரு. விற்பவரும் வாங்குபவரும் கையில் காப்பியோடு பேச்சில்லாமல் நிற்பார்கள். அவர் வெளியே வந்து கம்பளத்தை உதறினால் காரை வாங்கலாம். உதறாமல் சுருட்டினால், வாங்க வந்தவர் காப்பிக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

அந்தத் துரு எங்கிருந்து வருகிறது என்பதும் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டுபவர் அவர். முன்னால் இரும்புத் தகடு பனியை வழித்துத் தள்ளும். பின்னால் உப்பு சிதறும்.

"நீயே உப்பக் கொட்டி ஊர்க்காரன் வண்டியத் திங்க வைக்கிற. அப்புறம் நீயே போயித் தட்டிப் பாத்து நல்ல பேரும் வாங்கிக்கிற. நல்ல பொழப்புடா ஒனக்கு" என்பான், பட்டறையில் லாரிகளைப் பழுதுபார்க்கும் டுவேன்.

ரெய்னோ சிரிக்கமாட்டார். ஆனால் அந்தப் பேச்சு அவருக்குப் பிடித்திருந்தது. அப்பா இறந்ததும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு மரம் வெட்டப் போனவர். தங்கை லினெட் படித்ததும், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சியை முடித்ததும் அவர் சம்பாத்தியத்தில்தான். அதை அவர் சொல்லிக்காட்டியதில்லை. ஆனால் லினெட் வீட்டில் ஒரு கதவுத் தாழ்ப்பாள் மாற்றுவதென்றால்கூட அவரைக் கேட்காமல் மாற்ற முடியாது.

லினெட்டுக்கு மாவட்ட எல்லை தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. காலையில் இருட்டோடு கிளம்பினால்தான் கிழவர்களை எழுப்பி, முகம் கழுவிவிட்டு, சாப்பாட்டு மேசைக்குத் தள்ளிக்கொண்டு வர நேரம் சரியாக இருக்கும். கணவன் ஏரிக் கப்பலில் வேலை பார்த்தான். கப்பல் ஓடும் மாதங்களில் வீட்டுக்கு வரமாட்டான். இரண்டு பிள்ளைகளோடு அவள்தான் எல்லாம். அந்த இலையுதிர் காலத்தில் அவளுடைய பழைய கார் வழியிலேயே நிற்கத் தொடங்கியது.

சனிக்கிழமை அண்ணன் வீட்டு சௌனாவில், அந்தச் சூடேற்றிய மரக் குளியலறையில், வியர்க்க வியர்க்க உட்கார்ந்து குளித்துவிட்டு, தலையில் துண்டோடு அடுக்களையில் வந்து உட்கார்ந்தாள். ரெய்னோ ஏலக்காய் போட்ட பின்னல் ரொட்டியை நறுக்கி முன்னால் வைத்தார்.

"அண்ணே, எனக்கு அழகான காரு வேணாம். பசங்க உக்கார எடம் இருந்தாப் போதும். காலையில சாவியத் திருப்புனா கெளம்பணும்."

"நான் பாத்துக்குறேன்."

"இன்னொரு தடவ லேட்டா வந்தா வேற ஆளப் பாத்துக்குறோம்னு சொல்லிட்டாங்கண்ணே. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க."

"பாத்துக்குறேன்னு சொன்னேன்ல. ரொட்டியச் சாப்புடு."

முதலில் பார்த்தது டெர்வோ டீச்சரின் பழுப்பு நிறக் கார். ஓய்வுபெற்ற அந்த அம்மாள் புதிதாக வாங்கி ஒரே கையாக ஓட்டியது. எப்போது எண்ணெய் மாற்றியது, எந்தச் சக்கரம் புதிது என்று எல்லாவற்றையும் வாசலில் நின்றபடியே ஒப்பித்தார். ரெய்னோ அடியில் படுத்தார். நடுவில் ஒரு 'டப்'. பின்சக்கரத்துப் பக்கம் இன்னொன்று. வெளியே வந்து கம்பளத்தைச் சுருட்டினார்.

"சுருட்டிட்டியா? அப்ப இந்த வண்டி என்கூடவேதான் சாகும்போல" என்றார் டீச்சர்.

திரும்பி வரும்போது லினெட் மெதுவாகச் சொன்னாள். "ஓட்டிப் பாத்தேன், நல்லாத்தான்ணே இருந்துச்சு. எங்க போச்சு வந்துச்சுன்னு எல்லாம் தெரிஞ்ச வண்டி."

"இன்னும் ரெண்டு மூணு குளிருக்குத் தாங்கும். அப்புறம் அடித்தகடு கழண்டு விழும். நீ காலத் தரையில ஊனித்தான் ஓட்டணும்."

அவள் சிரித்துவிட்டாள். அதோடு அந்தக் காரின் பேச்சு முடிந்தது.

அடுத்த வாரம் போட்ரி என்பவனுடைய முற்றத்துக்குப் போனார்கள். ஏலத்தில் கார் எடுத்து வந்து விற்பவன். வெள்ளி நிறத்தில் ஒரு குடும்பக் கார் நின்றது. "தெற்கேயிருந்து வந்தது. பனின்னா என்னன்னே தெரியாத வண்டி. நான் ஒண்ணும் சொல்லல, நீங்களே படுத்துப் பாருங்க" என்றான்.

தெற்கத்திக் கார் என்றாலே அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு கிறக்கம் உண்டு. உப்புப் படாத இரும்பு. ரெய்னோ அடியில் புகுந்தார். கம்பெனியில் பூசிய வண்ணம் அப்படியே இருந்தது. திருகாணிகள் நேற்று முடுக்கியவைபோல மின்னின. சுத்தியலால் தட்டினார். டிங். இன்னும் கொஞ்சம் தள்ளி. டிங். தேவைக்கு அதிகமாகவே அடியில் கிடந்தார்.

லினெட் உள்ளே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் வாசனை அட்டைகள் கொத்தாகத் தொங்கின.

"அண்ணே, உள்ள ஒரு மாதிரி வாடை அடிக்குது. ஈரச் சாக்கு மாதிரி."

"கண்ணாடிய எறக்கி வச்சு ஓட்டு, போயிரும்" என்று காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "வாடையா காரை ஓட்டப்போவுது?"

போட்ரி உரக்கச் சிரித்தான்.

"வண்டி பழசு. தரைவிரிப்பு மட்டும் புத்தம் புதுசா இருக்கேண்ணே?"

"சுத்தமா வச்சிருந்தா அதுவும் குத்தமாடி?"

ரெய்னோ வெளியே வந்தார். எழுந்து நின்று, கம்பளத்தை இரண்டு கையாலும் பிடித்துப் படபடவென்று உதறினார். உள்ளே ஏறிக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஊரில் கார் கெடுவது அடியிலிருந்துதான். மேலே பார்க்க என்ன இருக்கிறது?

இலைகள் உதிரும்வரை கார் நன்றாகத்தான் ஓடியது. குளிர் இறங்கியதும் கோளாறு தொடங்கியது. வெயிலில் போகும்போது வைப்பர் தானாக ஆடியது. ஒரு பக்கத்துக் கண்ணாடி தானாக இறங்கி, ஏற மறுத்தது. ஞாயிற்றுக்கிழமை, சர்ச் வாசலில் ஆளே இல்லாத காரில் ஹாரன் அலறியது.

"ஒன் தெற்கத்தி மாப்பிள்ள பாட்டுப் பாடுறாரு, கேட்டியா?" என்றான் டுவேன். "ஒரு நாள் பட்டறைக்கு ஓட்டிட்டு வாடா, பிரிச்சுப் பாத்துரலாம்."

"ஃபியூஸு. நானே மாத்திட்டேன்" என்றார் ரெய்னோ வெடுக்கென்று.

லினெட் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். இரண்டு தடவையும் ஃபியூஸ் என்றே பதில் வந்தது. பிறகு அவள் சொல்வதை விட்டுவிட்டாள்.

ஜனவரியில் ஒரு விடியற்காலை. ஏரிக் காற்றில் பனி படுக்கைவாக்கில் வீசியது. காட்டுச் சாலையில் ரெய்னோ தகட்டை இறக்கி வழித்துக்கொண்டு வந்தார். வளைவைத் தாண்டியதும் லாரியின் வெளிச்சத்தில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. விளக்கில்லை, மின்னிமின்னி எரியும் எச்சரிக்கை விளக்கும் இல்லை. பிரேக்கை மிதிக்காமல் வண்டியை ஒடித்தார். தகடு ஓரத்துப் பனிக்கரையில் செருகி நின்றது. கீழே இறங்கியபோதுதான் அது வெள்ளி நிறம் என்று தெரிந்தது.

"லினெட்! லினெட்!"

அவள் பனிக்கரைக்கு அப்பால், மரங்களை ஒட்டி நின்றிருந்தாள். கையில் வேலைக்குப் போடும் செருப்பு இருந்த பை.

"எல்லாம் ஒண்ணா அணைஞ்சிருச்சுண்ணே. லைட்டு, எஞ்சினு, எல்லாம். போன்ல சிக்னலும் எடுக்கல. யாராச்சும் வந்து மோதிருவாங்கன்னு இங்க வந்து நின்னேன்." பிறகு, "நீதான் வந்திருக்க" என்றாள்.

ரெய்னோ காரைச் சுற்றி எச்சரிக்கை விளக்குகளை வைத்துவிட்டு அவளை லாரியில் ஏற்றினார். மாவட்ட எல்லையில் லாரி திரும்பவேண்டும். அதற்கு அப்பால் அடுத்த மாவட்டத்துக்காரன் வேலை. இத்தனை வருஷத்தில் அந்த எல்லைப் பலகையை அவர் தாண்டியதில்லை. அன்று தகட்டைத் தூக்கிக்கொண்டு தாண்டினார்.

இல்லத்தின் வாசலில் இறங்கும்போது, "நான் உள்ள வந்து சொல்றேன்" என்றார்.

"வேணாம்ணே. நீ சொல்லவேணாம்."

அந்த இரண்டாவது 'வேணாமில்' கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தார். சாப்பாட்டு அறையில் விளக்கு எரிந்தது. யாரோ ஒரு புதுப்பெண் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் லினெட் வெளியே வந்தாள். செருப்பு பையிலேயே இருந்தது. கூடவே வேலையிடத்து அலமாரியிலிருந்து கழற்றிய அவளுடைய பூட்டும், ஒரு கம்பளிச் சட்டையும்.

அவளை வீட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

காரைப் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். டுவேன் முன்பக்கத்தைப் பிரித்தான். ஒயர் முனைகள் பாசி பிடித்தாற்போலப் பச்சையாகக் கிடந்தன. பிறகு சீட் பெல்ட்டை உருளையிலிருந்து கடைசிவரை இழுத்தான். யாரும் அந்த அளவுக்கு இழுப்பதில்லை. கடைசி முழத்தில், ஒரு கோட்டுக்குக் கீழே, காய்ந்த சேறு அப்பியிருந்தது.

"வெள்ளத்துல கெடந்த வண்டிடா இது" என்றான். அன்றைக்கு அவன் கேலி செய்யவில்லை.

ரெய்னோ நகத்தால் சுரண்டினார். அந்த மண் சிவப்பாக, மாவுபோல இருந்தது. அவர் ஊரில் அப்படி ஒரு மண் கிடையாது. போட்ரியிடம் போய் நின்றார். "ஏலத்துல எடுத்தேன், எனக்கென்ன தெரியும்? நீங்கதானே படுத்துப் பாத்தீங்க?" என்றான் அவன்.

கோடையில் லினெட்டுக்கு ஒரு கடையில் இரவு சாமான் அடுக்கும் வேலை கிடைத்தது. சம்பளமும் குறைச்சல், பிள்ளைகள் தூங்குவதைப் பார்க்கவும் முடியாது. ஒரு சனிக்கிழமை அவள் சௌனாவுக்கு வராததால் ரெய்னோ தேடிப் போனார். முற்றத்தில் பழுப்பு நிறக் கார் நின்றது. டீச்சருடையது. வாங்கியதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

குனியாமலே அவருக்குத் தெரிந்தது. பின்சக்கர வளைவில் வண்ணம் கொப்புளம் கட்டியிருந்தது. கால்கள் தாமாகவே தன் வண்டியின் பின்பக்கம் நோக்கி நகர்ந்தன.

"கம்பளத்த எடுக்காதண்ணே" என்றாள் லினெட், படியில் நின்றபடி. "கெளம்புது. நிக்க மாட்டேங்குது. எனக்கு அது போதும். உள்ள வா, காப்பி இருக்கு."

அவர் உள்ளே போய்க் காப்பி குடித்தார். நன்றாக இருக்கிறது என்றார். எதைச் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை.

மறுபடி பனி வந்தது. மற்றவர்கள் கூப்பிட்டபோது ரெய்னோ முதுகு வலி என்றார். மெல்லக் கூப்பிடுவதும் நின்றது.

ஒரு நாள் விடியலில் அவர் லினெட்டின் வீட்டைக் கடந்தார். இரவு வேலை முடிந்து வந்த கார் சாலையோரம், பனிக்கரையை ஒட்டி நின்றது. கூரையில் இன்னும் பனி படியவில்லை. அவர் கை உப்பை நிறுத்தும் விசைக்குப் போனது. அவள் வீட்டுக்கு முன்னால் இருந்த சாலை வளைவில் உப்பு விழாவிட்டால் மாலைக்குள் கண்ணாடிபோல உறைந்துவிடும். அவள் அதன்மேல்தான் வேலைக்குப் போகவேண்டும்.

கையை எடுத்துக்கொண்டார். பின்னால் உப்பு சிதறி, காரின் அடித்தகட்டில் படபடவென்று தெறிக்கும் சத்தம் கேட்டது. எந்த இடத்தில் பட்டது என்பதுகூட அவருக்குத் தெரிந்தது.