வந்துகொண்டே இருந்த அண்ணன்

அந்த வயிற்றுவலி வந்தபோது எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. "இப்பத்தானே வெளிய வந்தேன் ஆண்டவரே, அதுக்குள்ளயா?" என்று கேட்டேன். சபையாருக்கு என்னைத் தெரியும். நான் சந்தேகப் பிராணி. காணிக்கைத் தட்டோடு வருகிற அண்ணனையே ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் விடுவேன். அந்தப் புத்தியோடுதான் இங்கே சாட்சி சொல்ல நிற்கிறேன்.

திருவையாறு பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தேன். அங்கே காய்ச்சல் என்றால் வார்டன் அக்கா டாக்டரிடம் கூட்டிப்போவார். எங்கே சீட்டு வாங்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், எதுவும் எங்களுக்குத் தெரியாது. பதினெட்டு வயது முடிந்ததும் ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டார்கள். தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

இல்லத்துப் பெண்கள் எல்லோருக்கும் ஓர் அண்ணன் உண்டு. வெளியேறும்போது மூத்த அக்காக்கள் தருகிற அண்ணன் அவன். "எனக்கு யாரும் இல்லன்னு எவங்கிட்டயும் வாயத் தொறக்காத. அண்ணன் வந்துக்கிட்டிருக்காருன்னு சொல்லு." பஸ்ஸில் உரசிக்கொண்டு உட்காருகிறவனிடமும், வாடகை அறை காட்ட வருகிற புரோக்கரிடமும் இதையே சொல்வோம். இல்லாத அந்த அண்ணன் எங்களைப் பல இடங்களில் காப்பாற்றியிருக்கிறான்.

போன வருடம் குறுவை அறுப்புச் சமயத்தில், வலி தாங்காமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். குடல்வால் வீங்கியிருக்கிறது, வெடிப்பதற்குள் எடுக்க வேண்டும் என்றார்கள். "கூட யாரும்மா வந்திருக்கா?" என்று நர்ஸ் கேட்டார். பழக்க தோஷம். "அண்ணன் வந்துக்கிட்டிருக்காரு" என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப அவர் வரட்டும். கையெழுத்துப் போடணும், மருந்து வாங்க ஓடணும், உங்கூட இருக்கணும்."

அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். கேட்கும்போதெல்லாம் அண்ணனை நகர்த்தினேன். குத்தாலத்தில் பஸ் ஏறிவிட்டார், நீடாமங்கலத்தில் நிற்கிறார் என்று ஊர் ஊராகச் சொன்னேன். உண்மையைச் சொல்லப் பயம். மயக்க ஊசி போட்டுப் படுக்க வைத்துவிட்டு, இவளைக் கேட்க நாதியில்லை என்று தெரிந்தால் என்ன வேண்டுமானாலும் செய்யலாமே! கிட்னியை எடுத்துவிட்டால்? வார்டில் குறுக்கே நடந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்ப்பது மாதிரி இருந்தது. வலியோ ஏறிக்கொண்டே போனது. "ஆண்டவரே, இல்லாத அண்ணனுக்கு நான் எங்க போவேன்? நம்ம சபையிலேருந்து ஒரு ஆளை அனுப்பும்" என்று போர்வைக்குள் அழுதேன்.

பக்கத்துக் கட்டிலில் மகளுக்குத் துணையாக ஓர் அம்மா இருந்தார். பெயர் பவுனம்மா. நாகப்பட்டினத்துப் பக்கம் மீன் விற்கிறவர். நெற்றி நிறைய விபூதி. அவர் என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"உங்க அண்ணன் வரமாட்டாருல்ல?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வர்ற அண்ணனா இருந்தா, இவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவையாச்சும் போன் போட்டுத் திட்டியிருப்பியே!"

போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டேன். "நான் நிக்கிறேன். நீ நர்ஸம்மாகிட்ட உள்ளதச் சொல்லு" என்றார். இவருக்கு என்ன ஆதாயம் என்றுதான் முதலில் யோசித்தேன். "எதுக்கு?" என்றே கேட்டுவிட்டேன். "சும்மாதானே உக்காந்திருக்கேன்" என்றார். அந்தப் பதில் எனக்குத் துளியும் பிடிக்கவில்லை.

ஆனால் அடுத்த வலி என் வீம்பை உடைத்துவிட்டது. நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னேன். டாக்டரே வந்தார். "பதினெட்டு முடிஞ்சிடுச்சுல்ல? நீயே கையெழுத்துப் போடலாமே! கூட இருக்க ஒரு ஆள் போதும். இத முதல்லயே சொல்றதுக்கு என்னம்மா?" என்றார். என் பையைப் பவுனம்மாவிடம் கொடுத்தேன். நம்பிக் கொடுக்கவில்லை, வேறு வழியில்லாமல் கொடுத்தேன். உள்ளே போகும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

கண் விழித்தபோது அவர் பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கட்டில் காலி. மகளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்களாம். மருமகனோடு மகளை அனுப்பிவிட்டு இவர் எனக்காகத் தங்கிவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் கண்ணெதிரே பையைத் திறந்து எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

"நல்லாப் பாரு. நானா இருந்தாலும் பாத்திருப்பேன்" என்று சிரித்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வெடித்தது. தையல் வலிக்க வலிக்க அழுதேன்.

சபையிலிருந்து ஆள் கேட்டேன். ஆண்டவர் விபூதி பூசிய மீன்கார அம்மாவை அனுப்பினார். அவர் அனுப்புகிற ஆள் நாம் நினைத்த ஆளாக இருக்கமாட்டார். கேளுங்கள், அனுப்புவார். சந்தேகம் வந்தால் பையைத் திறந்து பாருங்கள், அதற்கெல்லாம் அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். அன்றைக்கு என்மேலும் கோபித்துக்கொள்ளவில்லை.

இப்போது இல்லத்திலிருந்து வெளியேறிய பெண்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் வார்டன் அக்கா என்னிடம் சொல்வார். கடையில் லீவு சொல்லிவிட்டுப் போய் நிற்பேன். போன மாதம் ஒருத்தி, ஜுரத்தில் உடம்பு கொதிக்க, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னை முறைத்தாள்.

"நீங்க யாரு? எங்க அண்ணன் வந்துக்கிட்டிருக்காரு."

"தெரியும்மா," என்றேன். "அவர்தான் என்னை முன்னாடி அனுப்பினாரு."