பூட்டு போட்ட பெட்ரோல் மூடி

வாடகைக் கார் நிறுத்தத்தில் அவருக்குப் பெயர் செக்போஸ்ட். வயது ஐம்பத்து மூன்று. அதில் இருபத்தொன்பது வருடம் கார் ஓட்டியே கழிந்தது. எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறினால்கூட, இறங்கி, முள் பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி ஏறுவார்.

அவருக்கும் தங்கையின் கணவருக்கும் சேர்த்து ஒரே கார். காலை ஐந்திலிருந்து பகல் ஒன்று வரை இவர் ஓட்டுவார். பிறகு டேங்கை நிறைத்து, தங்கை வீட்டுச் சரிவான முற்றத்தில் நிறுத்திவிட்டு நடந்தே வீட்டுக்குப் போவார். மூன்று மணிக்கு மாப்பிள்ளை எடுப்பார். ஓடிய தூரத்தை ஓர் அட்டையில் எழுதி வைப்பார். பதினோரு வருடமாக இந்த ஏற்பாட்டில் ஒரு கீறலும் விழுந்ததில்லை.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி வழக்கமான பெட்ரோல் பங்க்கை மூடிவிட்டார்கள். புதிய பங்க்கில் குழாய் 'கிளிக்' என்று சீக்கிரமே நின்றுவிடுவதாக அவருக்குப் பட்டது. டேங்க் நிறையுமுன்பே நிறுத்தி ஏதோ தில்லுமுல்லு செய்கிறார்கள் என்று முடிவு கட்டி, கிளிக் ஆன பிறகும் ஊற்றச் சொல்லி, கழுத்து வரை பெட்ரோல் தளும்புவதைக் கண்ணால் பார்த்த பிறகே மூடியைத் திருகினார்.

அதற்குப் பிறகுதான் அட்டையில் இருந்த தூரமும் ஊற்றிய பெட்ரோலும் ஒத்துப்போகாமல் இடித்தன. தினமும் கிட்டத்தட்ட முக்கால் லிட்டர் குறைந்தது. போதாக்குறைக்கு, தங்கை வீட்டு முற்றத்தில் மட்டும் பெட்ரோல் வாடை. அவர் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. சாவி போட்டுப் பூட்டும் மூடி ஒன்றை வாங்கி மாட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பூட்டிய பிறகும் பெட்ரோல் குறைந்தது. வேறு யாராக இருந்தாலும் மாப்பிள்ளை மேல் தப்பில்லை என்று நினைத்திருப்பார்கள். இவரோ, "கள்ளச்சாவி போட்டிருக்கான்" என்றார்.

ஒரு வியாழக்கிழமை மாலை, வெளியூர்ச் சவாரி கிடைத்த மாப்பிள்ளை பங்க்குக்குப் போனார். மூடியைத் திறக்க முடியவில்லை. பயணி இறங்கி வேறு காரில் ஏறிக்கொண்டார். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மனைவியிடம் சொன்னது ஒன்றுதான்: "ஞாயிறோட சரி. திங்கள்லேருந்து வேற வண்டி ஓட்டப் போறேன். உங்க அண்ணன் இந்த வண்டிய வித்துக்கட்டும்."

தங்கை அந்தச் செய்தியை அண்ணனிடம் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனாள். உள்ளே வரவில்லை.

சனிக்கிழமை காலை செக்போஸ்ட் மெக்கானிக்கிடம் போனார்.

"இந்தப் பூட்ட அடையாளம் தெரியாம திறக்க முடியுமா?"

"யாரு திறந்தாங்க?"

"அத நான் சொல்றேன். முடியுமா?"

மெக்கானிக் மூடியைக் கழற்றி, ஒரு ரப்பர் குழாயை உள்ளே விட்டார். ஒரு முழம் போய் வளைவில் முட்டி நின்றது. "உள்ள வளைவு இருக்கு, அதுக்கப்புறம் வலை இருக்கு. இந்த வழியா ஒரு சொட்டு எடுக்க முடியாது. சரி, நீங்க பெட்ரோல் எப்படிப் போடுறீங்க? கிளிக்குனு நின்னதும் விட்டுடுவீங்களா?"

"அது அவங்க ஏமாத்துற கிளிக்கு."

மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணாச்சி, பெட்ரோல் வெயில்ல உப்பும். அதுக்குத்தான் டேங்க்ல கொஞ்சம் காலி இடம் விட்டிருக்கான். கழுத்து வரைக்கும் ரொப்பினா அது எங்க போகும்? மூடியில காத்து போற ஓட்டை வழியா கசிஞ்சு, மழைத்தண்ணி வடியுற இந்தச் சின்னக் குழாயில இறங்கி, பின் சக்கரத்துக்கிட்ட சொட்டும்."

செக்போஸ்ட் அதையும் நம்பவில்லை. மெக்கானிக்கும் மாப்பிள்ளையும் ஒரே தெருக்காரர்கள்.

அன்றும் கழுத்து வரை நிறைத்து முற்றத்தில் நிறுத்தினார். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திவிட்டார். முதுகு வெந்தது. ஒன்று நாற்பதுக்கு முதல் சொட்டு விழுந்தது. சூடான சரளைக்கல்லில் பட்டதும் காய்ந்து, வாடை மட்டும் மிஞ்சியது. விரலை நீட்டி அடுத்த சொட்டைப் பிடித்து மோந்து பார்த்தார். இருபத்தாறு சொட்டு எண்ணியும் நிற்கவில்லை.

"என்னண்ணே, வேவு பாக்குறியா?" துணி உலர்த்த வந்த தங்கை பின்னால் நின்றாள். "போலீஸையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே."

"அவர வரச் சொல்லும்மா."

"எதுக்கு? இன்னும் அவமானப்படுத்தவா?"

"வரச் சொல்லு."

தூக்கக் கலக்கத்தோடு வந்த மாப்பிள்ளை குனிந்து, நான்கைந்து சொட்டு விழும்வரை பார்த்தார்.

"இதுக்குத்தானா மச்சான் எனக்குப் பூட்டு?"

"தப்புதான் மாப்ள. நான்தான் கிளிக்குக்கு மேல ரொப்பினேன்."

தங்கை ஈரத் துணியைத் தோளில் போட்டபடி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இனிமே கிளிக்குன்னதும் விட்டுடுவீங்களா?" என்றார் மாப்பிள்ளை.

செக்போஸ்ட் யோசித்தார். அந்தப் பங்க்காரனின் முகம் நினைவுக்கு வந்தது. "விட்டுடுறேன்" என்றார், அரை மனதாக.

"உங்கள நம்ப மாட்டேன். சாவியக் குடுங்க. நாளையிலேருந்து பெட்ரோல் நான்தான் போடுவேன். திங்கள், செவ்வாய், எல்லா நாளும்."

செக்போஸ்ட் சட்டைப்பையில் கைவிட்டார். சாவியை வெளியே எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.