சாய்வுக்கோட்டுக்குப் பின்னால் ஓர் எண்

அந்தச் சாய்வுக்கோட்டைப் போட்டவள் நான்தான். வேறு யாரையும் கைகாட்ட வழியில்லை.

புதுவயலில் ஓர் அரிசி ஆலை. முதலாளிக்கு அறுபது வயதிருக்கும். விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து ஆலை வைத்தவர், குரல் பெரியது. அவருடைய அரிசி கேரளாவுக்கு நிறையப் போகும். அங்கே வாங்குகிற வியாபாரி ஒருவர், சிப்பத்தில் இருப்பது எந்த நெல், எந்தத் தேதியில் அரைத்தது, ஈரப்பதம் எவ்வளவு என்பதையெல்லாம் போனிலேயே பார்த்தால்தான் இறக்குவேன் என்று சொல்லிவிட்டார். அதற்காக ஆலைக்காரர் என்னைத் தேடி வந்தார். நான் காரைக்குடியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே அறை எடுத்து, கடைகளுக்கும் ஆலைகளுக்கும் இணையதளம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் சென்னையில் பதினோரு வருடம் கம்பெனி வேலை. கணவருக்கு மாற்றல் வந்ததும் இந்த ஊர்.

ஆலைக்கு நான் செய்து கொடுத்தது சின்ன வேலை. ஒரே ஒரு நிரல் கோப்பு. இணைய முகவரியில் அந்தக் கோப்பின் பெயரை எழுதி, பின்னால் ஒரு சாய்வுக்கோடு போட்டு, ஒரே நாளில் அரைத்த சிப்பங்களுக்குப் பொதுவாகத் தருகிற லாட் நம்பரைச் சேர்த்தால் அந்த லாட்டின் விவரம் வரும். வழக்கமாக இதற்குக் கேள்விக்குறி, சமக்குறி எல்லாம் போட்டு எழுதுவார்கள். ஆனால் சிப்பத்தின் வாயோடு சேர்த்துத் தைக்கிற சீட்டில், கியூஆர் கட்டத்துக்குக் கீழே முகவரியை எழுத்திலும் அச்சடிக்க வேண்டியிருந்தது. கட்டம் அழிந்துவிட்டால் ஆட்கள் கையால் அடித்துப் பார்க்க வேண்டுமே. கேள்விக்குறியும் சமக்குறியும் அடிக்கச் சொன்னால் கிடங்கில் நிற்கிறவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்துத்தான் ஒரு சாய்வுக்கோட்டோடு முடித்தேன். நான்கு வருடம் அது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

போன வருடம் பழைய சர்வர் மிகவும் மந்தமாகிவிட்டது. வேறொரு கம்பெனியின் புது சர்வருக்கு மாற்றலாம் என்று நானே யோசனை சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே மாற்றினேன். முகப்புப் பக்கம் திறந்து பார்த்தேன், வந்தது. நிரல் கோப்பைத் திறந்து பார்த்தேன், அதுவும் "லாட் நம்பர் சொல்லுங்கள்" என்று அழகாகக் கேட்டது. மடிக்கணினியை மூடிவிட்டு, கணவரும் நானும் அரியக்குடிப் பெருமாளைப் பார்க்கப் போனோம். கடைசியில் ஒரு சாய்வுக்கோடும் எண்ணும் சேர்த்து ஒரே ஒரு தடவை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆலைக்காரர் கூப்பிட்டார்.

"தங்கச்சி, என்ன பண்ணி வச்சிருக்கீக? திருச்சூர்ல லாரி நிக்கிது. சீட்டைக் காட்டுனா பக்கம் இல்லைன்னு வருதாம். எறக்க மாட்டேங்குறாக."

"எந்த லாட்டுண்ணே?"

"எந்த லாட்டைப் போட்டாலும்தான். நானும் இங்குட்டு ஒரு சிப்பத்தை வச்சுப் பாத்துட்டேன். ஒண்ணும் வரலை."

அலமாரியில் வைத்திருந்த பழைய சீட்டு ஒன்றை எடுத்து ஸ்கேன் செய்தேன். வெள்ளைத் திரை. நீங்கள் தேடும் பக்கம் கிடைக்கவில்லை என்று ஒரு வரி. அந்த ஒரு லாரியோடு போகிற விஷயமில்லை. நான்கு வருடமாக லட்சக்கணக்கான சிப்பங்களில் அந்த முகவரி தைக்கப்பட்டு கேரளா முழுவதும் கடைகளிலும் வீடுகளிலும் கிடக்கிறது. அச்சடித்துத் தைத்து அனுப்பியதை நான் திரும்ப வாங்கித் திருத்த முடியாது. சர்வர்தான் என் முகவரிக்கு வளைந்து கொடுக்க வேண்டும்.

முதலில் நிரலைச் சந்தேகப்பட்டேன். வரி வரியாகப் பார்த்தேன், எதுவும் மாறவில்லை. தரவுத்தளத்தைப் பார்த்தேன், எல்லா லாட்டும் இருந்தன. பிறகுதான் சர்வரின் பிழைப் பதிவேட்டைத் திறந்தேன். அப்படி ஒரு கோப்பு இல்லை என்று அதில் வரிசையாக எழுதியிருந்தது. அந்த வரிகளில் கோப்பின் பெயரோடு சாய்வுக்கோடும் லாட் நம்பரும் ஒட்டிக்கொண்டிருந்தன. நம்பரையும் சேர்த்தே அது கோப்பு என்று தேடியிருக்கிறது!

சந்தேகம் தீர இரண்டே வரியில் ஒரு சோதனைக் கோப்பு எழுதினேன். முகவரியில் கோப்பின் பெயருக்குப் பின்னால் என்ன மிச்சம் இருக்கிறதோ அதைத் திரையில் காட்டு, அவ்வளவுதான் அதன் வேலை. வெறும் பெயரோடு திறந்தால் வந்தது. பின்னால் ஒரு சாய்வுக்கோடும் ஒன்று என்ற எண்ணும் போட்டேன். பக்கம் இல்லை.

விஷயம் பிடிபட்டது. சர்வர் முகவரியை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே வந்து கோப்பைக் கண்டுபிடிக்கும். அதற்குப் பிறகும் முகவரியில் மிச்சம் இருந்தால் இரண்டு வழி. மிச்சத்தைக் கோப்பின் கையில் கொடுக்கலாம், அல்லது இப்படி ஒரு பக்கமே இல்லை என்று திருப்பி அனுப்பலாம். எதைச் செய்ய வேண்டும் என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி சொல்லும். பழைய சர்வர் கொடுத்துக்கொண்டிருந்தது. புதியதில் யாரோ அந்த வரியை மறுப்புக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள்.

ஆலைக்காரரிடம் சொன்னேன். அவர் அதைத் தன் வழியில் சொல்லிப் பார்த்தார்.

"அதாவது, லாரி மில்லு கேட்டு வரைக்கும் வந்துருச்சு. உள்ள எந்தக் குடோனுக்குன்னு சீட்டு வச்சிருக்கான். வாட்ச்மேன் சீட்டு இருக்கதைப் பாத்துட்டே, இப்படி ஒரு மில்லே இங்க இல்லை போடாங்குறான். அப்படித்தானே?"

"அப்படியேதாண்ணே."

"அப்ப வாட்ச்மேனுக்கு எடுத்துச் சொல்லுங்க."

சொல்ல முயன்றேன். எங்கள் தளத்தின் கோப்புறைக்குள் நாங்களே வைத்துக்கொள்ளும் அமைப்புக் கோப்பில், மிச்சத்தை ஏற்றுக்கொள் என்று ஒரு வரி சேர்த்துச் சேமித்தேன். அடுத்த நொடி தளம் முழுவதும் விழுந்துவிட்டது. முகப்புப் பக்கம்கூட வரவில்லை, சர்வருக்குள் பிழை என்றது. பதிவேட்டில் பார்த்தால், அந்த வரியை இந்த இடத்தில் எழுத உனக்கு அனுமதி இல்லை என்று இருந்தது. ஆலைக்காரரின் போன் மறுபடி அடித்தது.

"தங்கச்சி, முன்னாடி சீட்டு மட்டுந்தான் வரலை. இப்ப மில்லு போட்டோவும் போயிருச்சே!"

அவசரமாக அந்த வரியை அழித்தேன். போட்டோ திரும்பி வந்தது. அனுமதி சர்வர் கம்பெனியின் கையில்தான் இருந்தது.

அங்கே போனை எடுத்தவர் சிறு வயதுக்காரர், மரியாதையான பேச்சு.

"மேடம், அது பாதுகாப்புக்காக எல்லாத் தளத்துக்கும் நிறுத்தி வச்சிருக்கோம். முகவரிக்குப் பின்னாடி யாராவது கண்டதைச் சேர்த்து அனுப்பினாலும் பக்கம் வந்துடும், அதனால. நீங்க கேள்விக்குறி போட்டு முகவரியை மாத்திக்குங்க."

"தம்பி, அந்த முகவரி திரையில இல்லை. அரிசி மூட்டையில நூல் போட்டுத் தச்சிருக்கு."

அவர் சிரித்துவிட்டார். பிறகு, "உங்களுக்கு மட்டும் மாத்த முடியாதே மேடம்" என்றார்.

சென்னைக் கம்பெனியில் இருந்தபோது இந்த இடத்தில் நான் "சரி, பார்க்கிறேன்" என்று போனை வைத்திருப்பேன். பதினோரு வருடமும் அப்படித்தான் இருந்தேன். கூட்டங்களில் நான் சொல்ல நினைத்ததை வேறொருவர் சொல்லிப் பாராட்டு வாங்கியதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு என்னமோ வைக்கவில்லை. திருச்சூரில் வெயிலில் நிற்கும் அந்த டிரைவரின் நினைப்பாக இருக்கலாம்.

"நீங்க சொல்ற பயம் நியாயமானது. தளம் முழுக்கத் திறந்துவிடச் சொல்லலை. அந்த ஒரே ஒரு கோப்புக்கு மட்டும் திறந்து விடுங்க. பின்னாடி வர்றது வெறும் எண்ணா இல்லைன்னா என் நிரலே பக்கம் இல்லைன்னு திருப்பி அனுப்பும். அப்ப கண்டதைச் சேர்த்தா வந்துடும்ங்கிற பேச்சே இல்லையே?"

அவர் அதை உடனே பிடித்துக்கொண்டார்.

"நிரல் இப்ப அப்படிச் செய்யுதா மேடம்?"

செய்யவில்லை. எண்ணுக்குப் பதில் எழுத்து வந்தால் அது பேந்தப் பேந்த விழித்து ஒரு காலிப் பட்டியலைக் காட்டும். நான்கு வருடமாக அதை யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"அரை மணி நேரம் குடுங்க. செய்ய வச்சுட்டு எழுத்துல அனுப்புறேன்."

உட்கார்ந்தேன். எண் தவிர வேறு எது வந்தாலும் மறுக்கும்படி எழுதினேன். அளவுக்கு மீறி நீளமான எண் வந்தாலும், இல்லாத லாட்டின் எண் வந்தாலும் மறுக்கும்படி எழுதினேன். என் மடிக்கணினியிலேயே ஒரு சர்வரை ஓடவிட்டு, அந்த ஒரு கோப்புக்கு மட்டும் மிச்சத்தை ஏற்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் சோதித்தேன். முகப்புப் பக்கத்துக்குப் பின்னால் குப்பையைச் சேர்த்தால் இப்போதும் மறுக்கிறது என்பதையும் சேர்த்துக் குறித்தேன். என்ன கேட்டேன், என்ன பதில் வந்தது என்று எல்லாவற்றையும் ஒரு கடிதமாக எழுதி, அவர்கள் சேர்க்க வேண்டிய மூன்று வரிகளையும் அடியில் போட்டு அனுப்பினேன். கீழே மருந்துக்கடைக்காரர் சொல்லியனுப்பிய டீ வந்தது. ஆறியது.

மதியம் ஒன்றே முக்காலுக்கு அவரே கூப்பிட்டார். "போட்டாச்சு மேடம். பாருங்க."

சீட்டை எடுத்தேன். சீட்டு மடங்கியிருந்ததால் முதல் தடவை கியூஆர் பிடிக்கவில்லை. இரண்டாம் தடவை பிடித்தது. வெள்ளைத் திரை ஒரு கணம். பிறகு லாட் நம்பர், நெல்லின் பெயர், அரைத்த தேதி, ஈரப்பதம் என்று ஒவ்வொன்றாக வந்து நின்றன. அந்த அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். மேசையை ஓங்கித் தட்டிவிட்டேன். கீழேயிருந்து மருந்துக்கடைக்காரர் "என்னம்மா விழுந்துச்சு?" என்று கேட்டார்.

ஆலைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் என்னை இணைப்பிலேயே வைத்துக்கொண்டு இன்னொரு போனில் திருச்சூருக்குப் பேசினார். அங்கே கிடங்கு மேற்பார்வையாளர் ஒரு சிப்பத்தைக் காட்டினார், பிறகு இரண்டாவது, மூன்றாவது. மூன்றும் வந்ததாம். லாரியின் தார்ப்பாயை அவிழ்க்கிறார்கள் என்று டிரைவர் கத்துவது எனக்கே கேட்டது. அதைவிடப் பெரிதாக ஆலைக்காரர் கத்தினார், ஆலைக்குள் திரும்பி.

"ஏய், எறக்குறாகடா! வாட்ச்மேன் வழிவிட்டாண்டா!"

பிறகு என்னிடம், "தங்கச்சி, காலையில உங்களைக் கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன்" என்றார்.

"தப்பு என்மேலதாண்ணே. மாத்துன அன்னைக்கே நான் நம்பர் போட்டுப் பாத்திருக்கணும்."

"அது சரி. ஆனா கம்பெனிக்காரனை எறங்கி வர வச்சீகல்ல? அது எம்புட்டுப் பெரிய விசயம்!"

மூன்று நாள் கழித்து சர்வர் கம்பெனியின் அந்தத் தம்பி மறுபடி கூப்பிட்டார். இதே காரணத்தால் தவித்துக்கொண்டிருந்த வேறு இரண்டு தளங்களுக்கும் இப்படியே செய்து கொடுத்தார்களாம். இனி யார் கேட்டாலும் என் கடிதத்தைத்தான் மாதிரியாக அனுப்பப்போகிறார்களாம். "அனுமதிக்கிறீங்களா மேடம்?" என்று கேட்டார். அனுமதித்தேன். என்னிடம் அனுமதி கேட்ட அந்தக் கேள்வியை இன்னும் ஒரு முறை கேட்க வேண்டும்போல இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வாரக் கடைசியில் ஆலைக்காரர் புதுவயலுக்கு வரச் சொன்னார். ஆலையில் எல்லாருக்கும் ஒரு தடவை விளக்கிச் சொல்லுங்கள் என்றார். சிப்பம் தைக்கிற இடத்தில் ஆறேழு பெண்கள் இருந்தார்கள். தினமும் நூற்றுக்கணக்கில் அந்தச் சீட்டைத் தைக்கிறவர்கள். அதைத் திறந்தால் என்ன வரும் என்று ஒருவரும் பார்த்ததில்லை என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு பெண்ணின் போனை வாங்கி அவர் அப்போது தைத்து முடித்த சிப்பத்தைக் காட்டச் சொன்னேன். பக்கம் திறந்தது.

"இன்னைக்குத் தேதி போட்டிருக்கே! நான் தச்சதா இது?"

"நீங்க தச்சதுதான்."

அவர் திரையின் மேலே இருந்த முகவரியைக் கூர்ந்து பார்த்தார். "கடைசியில இருக்கது லாட் நம்பருதானே? இதை மாத்திப் போட்டா?"

"போட்டுப் பாருங்க."

ஒன்றைக் குறைத்துப் போட்டார். நேற்றைய லாட் வந்தது. இன்னும் பத்தைக் குறைத்தார். போன வாரத்து நெல் வந்தது. மற்றவர்களும் போனை எடுத்துக்கொண்டு சுற்றி வந்தார்கள். ஒருவர் தன் மகன் பிறந்த தேதியையும் மாதத்தையும் சேர்த்துப் போட்டார், அதற்கும் ஒரு லாட் இருந்தது. இன்னொருவர் எண்ணுக்குப் பதிலாகத் தன் பெயரையே ஆங்கில எழுத்தில் அடித்துப் பார்த்தார். "இப்படி ஒரு லாட் இல்லை" என்று தமிழில் பளிச்சென்று வந்தது. நான் எழுதிய மறுப்பு, எழுதியபடியே வேலை செய்தது.

"உன் பேருல லாட்டே இல்லையாம்டி!" என்று பக்கத்திலிருந்தவர் சொல்ல, தையல் இயந்திரச் சத்தத்தையும் மீறி எல்லோரும் சிரித்தார்கள். எல்லாரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன்.