சத்தமாக வாசித்த தேதி

என் அம்மா ரத்தினம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் வீடு வீடாக ஏறி, ஒருவனுக்கு ஒரே மனைவி என்ற சட்டம் கேட்டுப் பெண்களிடம் கைநாட்டு வாங்கினார். எங்கள் வட்டாரத்துக்கு அவர்தான் தலைவி.

1961இல் சட்டம் வரும் தேதியைப் பத்திரிகையில் பார்த்து நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அதற்கு முன் நடந்த திருமணங்கள் செல்லும் என்பதையும் சத்தமாக வாசித்தேன். சவரம் செய்துகொண்டிருந்த அப்பாவும் கேட்டார். அடுத்த வாரமே கோயிலில் இன்னொருத்திக்குத் தாலி கட்டினார்.

சட்டம் வந்த அன்று பெண்கள் மாலையோடு வந்தார்கள். "ஜெயிச்சிட்டோம்லா, அக்கா!" அம்மா கழுத்தை நீட்டினார்.

பல வருடம் கழித்து, நான் பட்டம் வாங்கிய அன்று அம்மாவிடம் கேட்டேன்: "நான் அன்னிக்கு சத்தமா வாசிச்சிருக்கக் கூடாதுல்லம்மா?"

"எனக்குத்தான் படிக்கத் தெரியாதே. நீ வாசிக்காம யாருடி வாசிப்பா?"